கவுன்சில் வீடு என்றால் என்ன? ஒரு கறுத்த சுவர் மூலையிலிருந்து ஓர் அறிமுகம்

கிழக்கு லண்டனில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். நாலாவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட கவுன்சில் வீடு. போன குளிர்காலத்தில் போயிருந்தபோது, பிள்ளைகளின் அறையில் இருந்த அலமாரியை முன்னால் இழுத்துக் காட்டினார். வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஆரம்பித்து ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். கிட்டே போனால் ஈர மண் வாசனை. அலமாரிக்குள் மடித்து வைத்திருந்த பள்ளிச் சட்டையிலும் அதே வாசனை. பிளீச் போட்டுத் தேய்த்தால் மூன்று வாரம் போகும், அப்புறம் திரும்பவும் வந்துவிடும் என்றார். பார்க்க வந்த அலுவலர் சுவரின் ஈரத்தை ஒரு கருவியில் அளந்தாராம். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். டிசம்பர் மாதம், நாலாவது மாடி. வேறு எங்கே காயப்போடுவது?

அந்த மூலை ஏன் கறுத்தது என்று கேட்கப் போனால் நூறு வருடம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. கவுன்சில் வீடு என்றால் என்ன, அது எப்படி வந்தது, ஏன் சில வீடுகள் நன்றாகவும் சில வீடுகள் ஓதம் ஏறியும் இருக்கின்றன என்பதெல்லாம் ஒரே கதையின் துண்டுகள்தான்.

முதலில் சொல்லுக்குப் பொருள். பிரிட்டனில் ஒவ்வொரு ஊருக்கும், லண்டனில் ஒவ்வொரு பகுதிக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம் உண்டு. அதுதான் கவுன்சில். அந்த மன்றமே நிலம் வாங்கி, கடன் எடுத்து, வீடு கட்டி, மக்களுக்கு வாடகைக்கு விட்டால் அது கவுன்சில் வீடு. வீட்டுக்காரர் ஒரு தனி ஆள் அல்ல, உங்கள் ஊர் நிர்வாகம். லண்டனில் இதன் வாடகை, தனியாருக்குக் கொடுக்கும் வாடகையில் பாதிக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். இப்படிக் கட்டிய வீடுகள் ஒரே இடத்தில் தெருத்தெருவாக அமைந்தால் அதை ‘கவுன்சில் எஸ்டேட்’ என்பார்கள். எஸ்டேட் என்றதும் நம்மில் பலருக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது வெறும் குடியிருப்பு.

இலவச வீடு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. வாடகை உண்டு. அந்த வாடகைப் பணம் கவுன்சிலின் பொதுச் செலவில் கலந்துவிடாமல் வீடுகளுக்கென்றே தனிக் கணக்கில் போகிறது. கூரை மாற்றுவதும் குழாய் பழுதுபார்ப்பதும் பழைய கடனுக்கு வட்டி கட்டுவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுத்த மூலைக்குத் திரும்பி வரும்போது தேவைப்படும்.

இனி வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலை வேலைக்காக நகரங்களுக்குள் மக்கள் குவிந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. காலராவும் காசநோயும் கூடவே இருந்தன. நகர மன்றங்கள் முதலில் செய்தது இடிப்பதுதான். கட்டுவது பிறகுதான் வந்தது. லிவர்பூல் நகர மன்றம் 1869இல் கட்டிய குடியிருப்பை பிரிட்டனின் முதல் கவுன்சில் வீடுகள் என்று சொல்கிறார்கள். லண்டனில் பெரிய அளவில் நடந்தது ஷோர்டிச் பக்கத்தில். ‘ஓல்ட் நிக்கல்’ என்ற சேரியை இடித்துவிட்டு, அன்று லண்டன் முழுமைக்கும் பொதுவாக இருந்த மன்றமான லண்டன் கவுன்டி கவுன்சில் பவுண்டரி எஸ்டேட்டைக் கட்டி 1900இல் திறந்தது. செங்கல் கட்டடங்கள், நடுவில் வட்ட மேடு, மேட்டின் மேல் இசைக்குழு வாசிக்க ஒரு மண்டபம். இடித்த வீடுகளின் செங்கல்லையும் மண்ணையும் குவித்துத்தான் அந்த மேட்டை அமைத்தார்கள். இன்றும் போய் ஏறி நிற்கலாம். ஆனால் வெளியேற்றப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் புதுக் கட்டடத்துக்குள் குடிவந்தவர்கள் வெறும் 11 பேர். மற்றவர்களால் அந்த வாடகையைக் கொடுக்க முடியவில்லை. அவர்கள் பக்கத்துச் சேரிகளுக்குப் போனார்கள், அங்கே நெரிசல் கூடியது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நல்ல வீடு கட்டுவது ஒன்று, அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது வேறொன்று.

முதல் உலகப்போர் எல்லாவற்றையும் மாற்றியது. 1915இல் கிளாஸ்கோவில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்ற, மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னால் நின்று வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அரசாங்கம் அந்த ஆண்டே வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. வாடகை ஏறாது என்றானதும், வாடகைக்கு விட வீடு கட்டுவதில் தனியாருக்கு ஆர்வம் குறைந்தது. போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பியபோது வீடே இல்லை. அவர்களுக்கு ஏற்ற வீடு தருவோம் என்று பிரதமர் லாயிட் ஜார்ஜின் அரசு வாக்குக் கொடுத்தது. 1919இல் கிறிஸ்டோபர் அடிசன் என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டம் கவுன்சில்களின் மேல் கடமையைச் சுமத்தியது: உங்கள் ஊரில் எத்தனை வீடு தேவை என்று கணக்கெடுங்கள், கட்டுங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நட்டம் வந்தால் மத்திய அரசு ஏற்கும். பெரிய அளவில் கவுன்சில் வீடுகள் எழுந்தது இதற்குப் பிறகுதான்.

எப்படிக் கட்டவேண்டும் என்பதற்கு 1918இலேயே டியூடர் வால்டர்ஸ் குழுவின் அறிக்கை வந்திருந்தது. நகரப் பகுதியில் ஒரு ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது. வீட்டுக்குள் வெயில் வரவேண்டும். குளியல் தொட்டி வேண்டும், தோட்டம் வேண்டும். சேரியில் ஒரு வாளித் தண்ணீருக்கு முற்றத்துக் குழாயில் வரிசை நின்றவர்களுக்கு இதெல்லாம் கற்பனைக்கு எட்டாத விஷயம்.

அந்தக் கற்பனைக்கு உருவம் கொடுத்த இடங்களில் பெரியது பெகன்ட்ரி. லண்டனுக்குக் கிழக்கே, அன்றைக்கு எசெக்ஸ் மாவட்டத்துக்குள், பார்க்கிங், டாகென்ஹாம், இல்ஃபோர்டு ஆகிய மூன்று ஊர்களின் எல்லைகளில் பரந்து கிடந்த காய்கறித் தோட்ட நிலம். லண்டன் கவுன்டி கவுன்சில் அந்த நிலத்தை வாங்கி 1921இல் வேலையை ஆரம்பித்தது. செங்கல்லும் மரமும் தேம்ஸ் நதி வழியே படகில் வந்தன. இறக்குவதற்கென்று ஆற்றங்கரையில் ஒரு துறை கட்டினார்கள். அங்கிருந்து கட்டுமான இடம்வரை தற்காலிக ரயில் பாதையும் போட்டார்கள். ஐந்து வருடத்தில் முடிப்பதாகத் திட்டம். பதினான்கு வருடம் ஆனது. 1935இல் வேலை முடிந்தபோது ஏறத்தாழ 26,000 வீடுகள், 1 லட்சத்துக்கு மேல் மக்கள். உலகத்திலேயே பெரிய பொதுக் குடியிருப்பு என்று அந்தக் காலத்தில் பேசப்பட்டது.

ஏன் தாமதம்? 1921இல் அரசு செலவைக் குறைக்கும் முடிவுக்கு வந்து அடிசன் திட்டத்தை நிறுத்தியது. நாடு முழுக்க ஐந்து லட்சம் வீடு என்ற இலக்கில் பாதிகூட எட்டவில்லை. அப்புறம் 1923இலும் 1924இலும் வெவ்வேறு அரசுகள் வெவ்வேறு மானியச் சட்டம் போட்டன. ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. பெகன்ட்ரியின் தெருக்களில் இதை நேராகவே பார்க்கலாம். முதலில் கட்டியவற்றில் விருந்தாளிகளை உட்காரவைக்கத் தனி முன்னறை கொண்ட வீடுகள் நிறைய. மானியம் சுருங்கியபின் வந்தவற்றில் அந்த முன்னறை குறைந்துகொண்டே போனது. சில வகை வீடுகளில் குளியல் தொட்டி சமையலறைக்கே வந்துவிட்டது. மேலே ஒரு பலகையைப் போட்டு மூடினால் அதுவே காய்கறி நறுக்கும் மேடை. குளிக்கவேண்டிய நாளில் பாத்திரங்களை எல்லாம் இறக்கி வைத்துப் பலகையைத் தூக்கவேண்டும். லண்டன் நடுவில் ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட மானிய விதி, டாகென்ஹாமில் ஒரு பெண் எங்கே வைத்துக் காய் நறுக்குவாள் என்பதை முடிவுசெய்தது.

ஆனாலும் குடிவந்தவர்களுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது. முன்னாலும் பின்னாலும் தோட்டம். உள்ளேயே கழிப்பறை. வாசலில் ப்ரிவெட் செடியில் உயிர்வேலி. தெருவிலிருந்து உள்ளே ஒரு குறுகிய வழி போய், கடைசியில் வட்டமாக விரிந்து, சுற்றிலும் வீடுகள் இருக்கும் அமைப்பு அங்கே நிறைய உண்டு. மேலிருந்து பார்த்தால் பான்ஜோ வாத்தியம் மாதிரி இருக்கும் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் அதை இன்றைக்கும் ‘பான்ஜோ’ என்றே சொல்கிறார்கள். கார்கள் வேகமாக வராது, பிள்ளைகள் விளையாடலாம்.

சலுகையோடு கட்டுப்பாடும் வந்தது. குடியிருப்பவர்களுக்கு ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். ஜன்னல்களை வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும், தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். வாரந்தோறும் வாடகை வசூலிக்க வருபவரின் கண் வீட்டின் மேலும் இருக்கும். நிலையான வேலையும் சம்பளமும் உள்ளவர்களுக்குத்தான் வீடு கிடைத்தது. பவுண்டரி எஸ்டேட்டில் நடந்ததேதான்: பரம ஏழைகள் இங்கேயும் வெளியே நின்றார்கள்.

ஒரு குடியிருப்பு வளர்வது என்றால் வீடுகளின் எண்ணிக்கை கூடுவது மட்டும் அல்ல. பெகன்ட்ரி அதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. வீடுகளைக் கட்டியது லண்டன் கவுன்டி கவுன்சில். நிலம் இருந்தது எசெக்ஸில். பள்ளிக்கூடம் கட்டவேண்டியது வேறு நிர்வாகம், குப்பை அள்ளவேண்டியது இன்னொன்று. நடுவில் மூன்று ஊர் எல்லைகள். விளைவு, வீடுகள் நிறைந்தபின்னும் பள்ளியில் இடம் இல்லாமல் 1920களில் பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். கடை தூரம், மருத்துவர் தூரம். பக்கத்தில் பெரிய தொழிற்சாலையும் இல்லை. ஃபோர்டு கார் தொழிற்சாலை டாகென்ஹாமில் 1931இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. பெகன்ட்ரியைக் கடந்து அப்மின்ஸ்டர் வரை டிஸ்ட்ரிக்ட் லைன் மின்சார ரயில் 1932இல் வந்தது. அதுவரை பலர் விடிவதற்கு முன்னே கிளம்பிப் பழைய வேலைக்குக் கிழக்கு லண்டனுக்குப் போய்வந்தார்கள். பயணக் கட்டணமும் கூடின வாடகையும் தாங்காமல் வீட்டைக் காலிசெய்து திரும்பிப் போனவர்களும் உண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேகம் கூடியது. அமைச்சர் அனுரின் பெவன், கவுன்சில் வீடு ‘உழைக்கும் வர்க்கத்துக்கு’ மட்டும் என்று சட்டத்தில் இருந்த சொல்லை 1949இல் நீக்கினார். ஒரே தெருவில் மருத்துவரும் கசாப்புக்காரரும் பண்ணைத் தொழிலாளியும் சேர்ந்து வாழவேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1950களின் தொடக்கத்தில் கவுன்சில்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வீடு கட்டின. பிறகு எண்ணிக்கைப் போட்டி வந்தது. 1956இன் மானியச் சட்டப்படி கட்டடம் எத்தனை மாடி உயர்கிறதோ அத்தனைக்கு மானியமும் கூடியது. ஆகவே கட்டடங்கள் உயர்ந்தன. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி வேகவேகமாகக் கட்டினார்கள். கிழக்கு லண்டனின் நியூஹாமில் இப்படி எழுந்த 22 மாடி ரோனன் பாயின்ட்டில், குடிவந்து சில வாரங்களே ஆன நிலையில், 1968 மே 16 அதிகாலை 18ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப்பலகை வெளியே விழ, கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

சரிந்தது ஒன்று. சரியாமல் நின்றவை நூற்றுக்கணக்கானவை. அவற்றில் பலவற்றுக்குச் சுவரில் குளிர்காப்பு கிடையாது. அங்கேதான் அக்காவின் வீட்டு மூலை வருகிறது.

ஓதம் மூன்று விதமாக வரும். தரையிலிருந்து சுவர் வழியே ஈரம் ஏறுவது ஒன்று. கூரையிலோ குழாயிலோ கசிந்து இறங்குவது இரண்டாவது. மூன்றாவது, சுவர் வேர்ப்பது. குளிர்ந்த தண்ணீர் செம்பை மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் முத்துமுத்தாக நீர் கட்டுமே, அதேதான். நாம் விடும் மூச்சு, உலையில் கொதிக்கும் சோறு, குளியல், காயும் துணி எல்லாம் காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. அந்தக் காற்று வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில் பட்டதும் தண்ணீராகிறது. குளிர்காப்பு இல்லாத கான்கிரீட் வெளிச்சுவர், அதிலும் இரண்டு பலகைகள் சேரும் மூலை, அதிலும் காற்றோட்டம் இல்லாத அலமாரியின் பின்புறம். பூஞ்சணம் வளர இதைவிட வசதியான இடம் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ஈரம் போகும், உண்மைதான். கூடவே காசு கொடுத்து ஏற்றிய சூடும் போகும். அறை குளிரும், சுவர் இன்னும் குளிரும். சூடாக்கும் கட்டணத்துக்குப் பயந்து கருவியை அணைத்துவைக்கும் குடும்பத்துக்கு ‘ஜன்னலைத் திற’ என்பது விடை ஆகாது. சுவருக்கு வெளியே குளிர்காப்பு, தானாக ஈரக்காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறி, கட்டுப்படியாகும் சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது அடங்கும். மூன்றுக்கும் பணம் வேண்டும்.

பணம் எங்கே போனது? 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த சட்டம், கவுன்சில் வீட்டில் மூன்று வருடம் இருந்தவர்களுக்கு அதைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி விலைவரை தள்ளுபடி. குடியிருப்பவர்களை எளிதில் வெளியேற்ற முடியாத பாதுகாப்பும் இதே சட்டத்தில்தான் வந்தது, அதையும் சொல்லவேண்டும். வாங்கியவர்களை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க வாடகை கொடுத்த தொழிலாளிக்குச் சொந்த வீடு என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் விற்ற பணத்தைக் கொண்டு அதே எண்ணிக்கையில் புது வீடு கட்ட கவுன்சில்களுக்கு அனுமதி தரவில்லை. அங்கேதான் தவறு நடந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ இருபது லட்சம் வீடுகள் இப்படிப் போயின. 1990களின் இறுதியில் அங்கே கவுன்சில்கள் ஆண்டுக்குச் சில நூறு வீடுகள்கூடக் கட்டுவது அரிதானது. தோட்டத்தோடு கூடிய நல்ல வீடுகள் முதலில் விற்றன. மாடிக் கட்டடங்கள் மிஞ்சின. வாடகை தரும் வீடுகள் குறைந்தன, பழுதுபார்க்கவேண்டியவை வயதாகிக்கொண்டே போயின. 2016 முதல் நான்கு ஆண்டுகளுக்கு வாடகையை ஆண்டுதோறும் 1 சதவீதம் குறைக்கவும் அரசு உத்தரவிட்டது. குடியிருப்பவருக்கு நல்ல செய்தி, பழுதுபார்க்கும் கணக்குக்கு அடி. ஸ்காட்லாந்து இந்த விற்பனையை 2016இலும் வேல்ஸ் 2019இலும் நிறுத்திவிட்டன. இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது, தள்ளுபடியை 2024 நவம்பரில் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

பெகன்ட்ரியில் நடந்துபோனால் இந்த வரலாறு வாசல்களில் எழுதியிருக்கும். ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளில் ஒன்றுக்குப் புதுக் கதவு, முன்பக்கம் ஒட்டிய அலங்காரக் கல், உயிர்வேலி இருந்த இடத்தில் கார் நிறுத்தும் தளம். மற்றதில் இன்னும் ப்ரிவெட் செடி.

வீடு குறைந்ததால் வரிசை நீண்டது. இன்றைக்கு ஒரு கவுன்சில் வீட்டுக்குப் பெயர் கொடுத்தால் தேவையைப் பார்த்து வரிசைப்படுத்துவார்கள்: வீடற்றவர்கள், நோயாளிகள், நெரிசலில் வாழ்பவர்கள். அன்று பரம ஏழைகளுக்குக் கிடைக்காத வீடு, இன்று பெரும்பாலும் மிகக் கஷ்டப்பட்டவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. எண்பதுகளில் இருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த நம் ஈழத்துக் குடும்பங்களில் பலவும் இந்த வழியாகத்தான் லண்டனில் ஒரு கதவைத் திறந்தன.

சட்டத்தைக் கடைசியில் அசைத்தது ஒரு குழந்தையின் சாவு. 2020 டிசம்பரில் ராச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் இருந்த பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வாழும் முறைதான் காரணம் என்று கருதப்பட்டது. அக்காவுக்குக் கிடைத்த அதே பதில். அந்தக் குழந்தையின் பெயரால் வழங்கும் சட்ட விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கவுன்சிலாக இருந்தாலும், லாப நோக்கமில்லாமல் வீடுகளை வாடகைக்கு விடும் வீட்டுவசதிச் சங்கமாக இருந்தாலும், உயிருக்கு ஆபத்தான அவசரப் பழுதை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கவேண்டும். கவலைக்குரிய ஓதத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராயவேண்டும். ஆபத்து இருப்பது உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கவேண்டும்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். தேதியோடு படம், பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருப்பதற்கு மருத்துவரின் கடிதம், வந்து பார்த்தவர் சொன்னது என்ன என்ற குறிப்பு. கவுன்சிலுக்குள்ளேயே இரண்டு கட்டப் புகார் முறை இருக்கிறது. அங்கே தீராவிட்டால் வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அன்று மாலையே மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் ஆங்கிலத்தில் தட்டினாள். முதல் வரியில் ‘தயவுசெய்து’ என்று ஆரம்பித்திருந்தாள். அதை எடுத்துவிட்டுத் தேதியைப் போடச் சொன்னேன்.